மலையேறும் மாமனின் மடி

உங்கள் மாமா நம் வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்று அவன் பையில் ஒரே ஒரு பூட்ஸ் இருந்தது. இடது காலுடையது. ஆரஞ்சு நிறம், முழங்காலுக்குப் பாதி உயரம், கையில் எடுத்தால் பூசணிக்காய்க் கனம். வலது கால் பூட்ஸை வடக்கே ஆஸ்பத்திரியில் கத்திரி வைத்து வெட்டித்தான் கழற்றினார்களாம். மிச்சமிருந்த ஒற்றையை எதற்கு அத்தனை தூரம் ரயிலில் தூக்கி வந்தான் என்று நான் கேட்கவில்லை. உங்கள் அம்மா அதைத் துணியால் துடைத்து, சாமி படத்துக்குப் பக்கத்து அலமாரியில் வைத்தாள். என் செருப்பு வாசற்படிக்கு இந்தப் பக்கம் வந்தால் சத்தம் போடுகிறவள் அவள். அன்றைக்கே எனக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது.

இதை உங்கள் இரண்டு பேருக்காகவும் எழுதுகிறேன். மூத்தவளுக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கும். சின்னவன் அப்போது பிறக்கவில்லை. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், எழுத்து முன்னே பின்னே இருக்கும். மாமாவைப் பற்றிப் பேப்பரில் எழுதினார்கள், செல்போனில் படம் பிடித்துப் போட்டார்கள். ஆனால் அவன் நம் வீட்டுத் தரையில் கிடந்த நாட்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அதுவும் சும்மா பார்க்கவில்லை, பொறாமையோடு பார்த்தேன். பொறாமையோடு பார்க்கிறவன் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது.

மாமா உங்கள் அம்மாவுக்கு ஒரே தம்பி. அவர்கள் அப்பா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து இந்த மலைக்கு வந்தவர். அவரும் அவர் மனைவியும் அடுத்தடுத்துப் போய்விட, தம்பியை வளர்த்தது உங்கள் அம்மாதான். அவன் வட்டக்கானலில் ஒரு விடுதியில் பாத்திரம் கழுவப் போனான். பிறகு வருகிறவர்களுக்குக் காட்டுப் பாதை காட்டினான். அப்படி வந்த ஒரு கூட்டம் பாறையில் கயிறு கட்டி ஏறுவதற்கு அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது. கொடுத்த கயிற்றை அவன் விடவே இல்லை. வடக்கே பனிமலையில் ஒரு பயிற்சிப் பள்ளிக்குப் போனான். அங்கேயே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவனாக ஆனான். ஒவ்வொரு கோடையிலும் ஏதாவது ஒரு சிகரத்தின் உச்சியில் கொடியோடு நிற்கிற படம் அனுப்புவான். கண்ணாடியும் குல்லாயும் போட்டுக்கொண்டு நின்றதில் அவன்தானா என்றே எனக்குச் சந்தேகம். உங்கள் அம்மாவுக்குச் சந்தேகம் வந்ததில்லை. "நிக்கிற நெலையப் பாருங்க, எங்கப்பா மாதிரியே நிக்கிறான்" என்பாள்.

நானும் ஏறுகிறவன்தான். வடகவுஞ்சித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி படர்ந்திருக்கும். அதைப் பறிக்க ஒற்றை மூங்கில் ஏணி. ஒரே மூங்கில்தான், கணுவுக்கு மேலே கால் வைக்கிற அளவுக்குக் குச்சி விட்டு வெட்டியிருப்பார்கள். உச்சியில் நின்றால் காற்றுக்கு மரமும் ஏணியும் நானும் சேர்ந்து ஆடுவோம். ஒருவரும் என்னைப் படம் பிடித்ததில்லை. மூத்தவள் மழலை மாறாத வயதிலேயே வீட்டுக்கு வருகிறவர்களிடம், "எங்க மாமா மலை ஏறுவாரு" என்பாள். "அப்பா?" என்று கேட்டால் கொஞ்சம் யோசித்து, "அப்பா மரம் ஏறுவாரு" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அவளுக்குக் காது குத்தாமல் இருந்ததற்கும் மாமாதான் காரணம். பிள்ளைக்குப் பழனியில் மொட்டை போட்டுக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும். அது உங்களுக்கே தெரியும். மாமன் மடி, மாமன் சீர், மாமன் வாங்கி வந்த கம்மல். பெற்ற அப்பன் பையையும் பழத்தட்டையும் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பான். ஒவ்வொரு வருஷமும் நாள் பார்ப்போம். ஒவ்வொரு வருஷமும் அவன் ஏதாவது ஒரு மலையில் இருப்பான். ஒன்றுவிட்ட தம்பி முறையில் வேறு மாமன் இருக்கிறான், அவன் மடியில் வைக்கலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். உங்கள் அம்மா கேட்கவில்லை. மூத்தவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியும் வெறுங்காதோடு திரிந்தாள். எனக்கு ஒரு நினைப்பு உண்டு. அதை அப்போது யாரிடமும் சொன்னதில்லை. ஒரு தடவை, அந்த ஒரு தடவை மட்டும், என் பிள்ளை என் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொள்ள வேண்டும்.

அப்போதுதான் அவன் விழுந்தான். உச்சிக்குப் போய்விட்டு இறங்கும்போது மேலேயிருந்து பனிக்கட்டி பெயர்ந்து வந்து அடித்தது. இடுப்புக் கயிறு தாங்கிவிட்டது. வலது கால் மட்டும் பாறை இடுக்கில் மாட்டி, உடம்பு ஒரு பக்கமும் முட்டி ஒரு பக்கமுமாகத் திரும்பிவிட்டது. ஹெலிகாப்டரில் தூக்கி வந்தார்கள். தகடும் திருகாணியும் வைத்து முட்டியைச் சேர்த்தார்கள். பழனி ஸ்டேஷனில் அவனைச் சக்கர நாற்காலியில் இறக்கியபோது போர்ட்டர் ஒருவர், "ராணுவமாய்யா?" என்று மரியாதையாகக் கேட்டார். விழுவதிலும் அவனுக்கு ஒரு பெருமை இருந்தது. நான் விழுந்தால் சில்வர் ஓக்கிலிருந்து விழுவேன். விழுந்தும் இருக்கிறேன். இடுப்பு பிடித்துக்கொண்டு படுத்தபோது உங்கள் அம்மா தைலம் தடவிவிட்டு, "வெள்ளனே எந்திரிச்சு ரெண்டு நட நடந்தா சரியாப் போயிரும், சோலியப் பாருங்க" என்றாள். இவனுக்கு நாள் தவறாமல் ஆட்டுக்கால் சூப்பு.

கொஞ்ச நாள் கழித்துத் திண்டுக்கல்லில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, நடந்துவிடலாம், கம்பு கொஞ்ச நாளைக்கு வேண்டும், மலையேறுவது பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார். மாமா தலையைக் குனிந்துகொண்டான். உங்கள் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அதெல்லாம் இருக்கட்டும் டாக்டர். சம்மணம் போட்டு உக்காருவானா?"

"தரையிலயா? எதுக்கும்மா? வீட்ல சேர் இல்லயா?"

"பிள்ளைக்குக் காது குத்தணும் டாக்டர்."

டாக்டர் என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "எல்லாரும் திரும்ப மலை ஏறுவாரான்னு கேப்பாங்க. நீங்க வேற கேள்வி கேக்குறீங்க" என்று சிரித்துவிட்டு, அந்த முட்டி அந்த அளவுக்கு மடங்குவது கஷ்டம் என்றார். வீடு திரும்பும் பஸ்ஸில் இரண்டு பேர் முகமும் ஒரே மாதிரி இருண்டு கிடந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மாமன் மடி இல்லை என்றால் அடுத்தது அப்பன் மடிதானே என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன்.

சேரில் உட்கார வைத்துக் குத்திவிடலாம் என்று என் அண்ணன் யோசனை சொன்னார். உங்கள் அம்மா அவரை ஒரு வாங்கு வாங்கினாள். "சேர்ல உக்காந்து காது குத்துறதுக்கு அவன் என்ன பல்லுப் புடுங்குற டாக்டரா?"

மாமா படுக்கையிலிருந்தே சொன்னான்: "நான் தரையில உக்காருவேன்க்கா. எனக்குக் கொஞ்சம் டயம் குடு."

அன்றிலிருந்து நம் வீட்டு நடுக்கூடம் அவன் மலையாகிவிட்டது. சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்காருவான். ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி இரண்டு கையாலும் இழுப்பான். குதிகால் சிமெண்டுத் தரையில் தேய்ந்து தேய்ந்து உள்ளே வரும். எது வரைக்கும் வருகிறதோ அங்கே மூத்தவள் சாக்பீஸால் ஒரு கோடு போடுவாள். முதல் கோடு முதல் கேம்ப். அடுத்தது இரண்டாவது கேம்ப். மலையில் அப்படித்தான் கூடாரம் போட்டுப் போட்டு ஏறுவார்களாம். உச்சி எது என்றால், குதிகால் தொடையைத் தொடுகிற இடம். அங்கே ஒரு குட்டிக் கொடி வரைந்து வைத்திருந்தாள். வலி ஏறும்போது அவன் கண் சொருகும், கழுத்து நரம்பு புடைக்கும். பிள்ளை பக்கத்தில் இருப்பதால் வாய்க்குள் இன்னொரு துண்டைக் கடித்துக்கொள்வான். "மாமா, இன்னும் கொஞ்சம், கொடி தெரியுது பாருங்க" என்று இவள் கத்துவாள். நான் வேலை முடிந்து உள்ளே வந்தால் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். "அப்பா, கேம்ப்ப மிதிக்காதீங்க!" என் வீட்டில் நான் ஓரமாகச் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தேன். உங்கள் அம்மா தரை துடைக்கும்போதுகூடக் கோடுகளை விட்டுவிட்டுத் துடைத்தாள்.

டவுனிலிருந்து பையன்கள் பைக்கில் வந்து அவனைப் பேட்டி எடுத்தார்கள். ஒருத்தன் என்னைப் பார்த்து, "அண்ணே, கொஞ்சம் ஒதுங்கிக்கங்க, ஃப்ரேம்ல வர்றீங்க" என்றான். மாமா கேமராவுக்கு முன்னால் நன்றாகப் பேசுவான். மலை கற்றுக்கொடுத்தது, வலி கற்றுக்கொடுத்தது என்றெல்லாம் பேசுவான். நான் அடுப்பங்கரையில் உட்கார்ந்து, மிளகுக் கறை படிந்த விரலைத் தேய்த்துக்கொண்டிருப்பேன்.

நாலாவது கேம்ப் வரைக்கும் குதிகால் வந்தது. பிறகு வரவில்லை. கோடு அழிய அழிய மூத்தவள் அதே இடத்தில் மறுபடி மறுபடி போட்டாள். மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்தது. கோடு அங்கேயே இருந்தது. அது நகராததில் எனக்குச் சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். வருத்தம் என்றும் சொல்ல மாட்டேன். தினமும் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் அந்தக் கோட்டைத்தான் பார்ப்பேன், அது மட்டும் உண்மை.

மிளகு பழுத்த சமயம் ஒருநாள் அவன் கம்பை ஊன்றிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தான். கொஞ்ச நேரம் நாங்கள் பறிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், நான் கீழே இறங்கியதும் ஏணியைக் கையால் தடவினான்.

"மச்சான், இதக் கொஞ்சம் குடுங்களேன்."

"மாப்ள, உங்கக்கா எனக்குச் சோறு போட மாட்டா."

"அக்காவுக்கு யாரு சொல்லப் போறா?"

இதுவாவது எனக்கென்று இருக்கட்டும் என்று மனசுக்குள் ஒரு குரல். ஆனாலும் ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டேன். இடது காலை முதல் கணுவில் வைத்தான். வலது காலை மடக்காமல் வெளிப்பக்கமாக வீசி, பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பி அடுத்த கணுவில் வைத்தான். ஒரு கணம் நின்றான். பிறகு போய்க்கொண்டே இருந்தான். எனக்கு அது முதல் கணுவிலேயே புரிந்துவிட்டது. ஏணியைப் பிடித்திருக்கிற கைக்கு ஏறுகிறவனின் பயம் தெரியும். அந்த மூங்கிலில் பயமே இல்லை. அடுத்த மரத்தில் நின்ற கூட்டாளி சத்தமாகச் சொன்னான்: "ஏலே, நொண்டிக் கால வச்சுக்கிட்டு இவன் நம்மள விட வெரசா ஏறுறான்டா!" எல்லோரும் கைதட்டினார்கள். உச்சியில் அவன் மரத்தைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் அசையாமல் இருந்தான். "மச்சான், காலு சொன்ன பேச்சு கேக்குது" என்று மேலேயிருந்து குரல் வந்தது. நான் மரப்பட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் ஏணியிலும் அவன் ஏறிவிட்டான்.

இறங்கி வந்து மூச்சு வாங்கியபடி உட்கார்ந்தான், ஒரு கட்டைமேல், காலை நீட்டி. பயிற்சிப் பள்ளியிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள், கோடைக்கு முன்னால் போக வேண்டும் என்றான். பிறகு முட்டியைத் தட்டினான்.

"ஏற வந்துருச்சு மச்சான். உக்காரத்தான் வரல. நானும் முட்டி மோதிப் பாத்துட்டேன். பாப்பாவ உங்க மடியில வச்சே குத்திருவோம். நான் பக்கத்துல நின்னுக்கிறேன். அக்காகிட்ட நீங்களே சொல்லிருங்க."

நான் இத்தனை வருஷமாக நினைத்தது கையில் வந்து விழுந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? என் பிள்ளையை என் மடியில் வைக்க இவன் அனுமதி கொடுக்கிறானே என்று தோன்றியது. உங்கள் அம்மாவிடம் சொன்னேன். உலையில் அரிசியைக் களைந்து போட்டு மூடிவிட்டு, "சரி" என்றாள். அவள் சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

பழனி அடிவாரத்தில் அன்று முகூர்த்த நாள், கால் வைக்க இடமில்லை. ஓட்டுக் கொட்டகைக்குள் தூணுக்குத் தூண் குடும்பங்கள், மொட்டைத் தலைகள், சந்தன வாசம். மூத்தவளுக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக் கூட்டிவந்தோம். நான் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். குளித்த ஈரம் என் சட்டையில் ஊறியது. மாமா கம்மல் டப்பாவைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றான். காது குத்துகிற ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டே வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

"தாய்மாமன் எங்கப்பா?"

"நான்தாங்க."

"அப்புறம் என்ன நின்னுக்கிட்டு? வந்து உக்காருய்யா."

"காலு மடங்காதுங்க."

கேமராவுக்கு முன்னால் அத்தனை பேசுகிறவன், இதை யாருக்கும் கேட்காத மாதிரி சொன்னான். கம்மல் டப்பாவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தான். மூத்தவள் என் மடியில் இருந்தபடியே ஆசாரிக்கு விளக்கினாள்: "மாமா நாலாவது கேம்ப்ல இருக்காரு. இன்னும் மேல வரல."

ஏன் எழுந்தேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவன் கேட்டிருந்தால் எழுந்திருக்க மாட்டேன். உங்கள் அம்மா கேட்டிருந்தாலும் மாட்டேன். "மாப்ள, ஒரு காலு மடங்குதுல்ல? அது போதும். மத்தக் காலை நீட்டிக்க. ஒத்தத் தொடையும் மடிதான்" என்றேன். பக்கத்துத் தூணில் சாய்ந்திருந்தவர்களை ஒதுங்கச் சொல்லி, அவன் தோளைப் பிடித்து மெல்ல உட்கார வைத்தோம். இடது கால் மடங்கியது, வலது கால் நேராக நீண்டது. மூத்தவள் அவன் இடது தொடையில் ஏறி, பொருந்த உட்கார்ந்துகொண்டாள். ஆசாரி குனிந்தார். அதற்குள் அடுத்த குடும்பத்து அம்மா ஒருத்தி கத்தினாள்: "ஏய் தம்பி! சாமிக்கு நேரா காலை நீட்டிக்கிட்டு ஒக்காந்திருக்க! மலை அந்தா தெரியுது பாரு!"

பார்த்தால், நீட்டிய கால் நேராக மலைக்கோயிலைக் காட்டிக்கொண்டிருந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு அவனை அப்படியே திருப்பினோம். கால் தப்பியது, ஆனால் முதுகுக்குத் தூண் இல்லாமல் போயிற்று. காலை நீட்டிக்கொண்டு பிள்ளையை ஒரு தொடையில் வைத்தவன் பிடிமானம் இல்லாமல் எப்படி நிமிர்ந்திருப்பான்? பின்னால் சாய்ந்தான். மூத்தவள் பயந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஆசாரிக்கு அடுத்த பிள்ளை காத்துக்கொண்டிருந்தது.

நான் போய் அவனுக்குப் பின்னால், முதுகோடு முதுகு ஒட்டித் தரையில் உட்கார்ந்தேன்.

"மச்சான், நான் கனமா இருப்பேன்."

"சாய்டா" என்றேன். அதுவரை அவனை நான் டா போட்டதில்லை.

சாய்ந்தான். கனம்தான். எனக்கு முன்னால் கொட்டகையின் மறுபக்கம் தெரிந்தது. யாரோ ஒருவர் வாழைப்பழம் உரித்துத் தின்றுகொண்டிருந்தார். பின்னால் மூத்தவள் வீறிட்டாள். "அவ்வளவுதான் தாயி, அவ்வளவுதான்" என்றார் ஆசாரி. நீட்டிய காலின் நடுக்கம் அவன் முதுகெலும்பு வழியாக என் முதுகுக்கு வந்தது. ஊசி இறங்குகிற நேரத்தில் பிள்ளை அசங்கக் கூடாதே என்று அவன் மூச்சைக்கூடப் பிடித்து வைத்திருந்தான். நான் இரண்டு குதிகாலையும் தரையில் ஊன்றிக்கொண்டேன். இரண்டாவது காது. மறுபடி வீறிட்டாள். பெற்ற மகள் காது குத்திக்கொண்டதை நான் பார்க்கவில்லை, காதால்தான் கேட்டேன். இரண்டு தடவையும் "மாமா" என்றுதான் கத்தினாள்.

அன்று எடுத்த படத்தில் மாமாவும் மூத்தவளும் அழுத முகத்தோடு சிரிக்கிறார்கள். உங்கள் அம்மாவின் கை தெரிகிறது. மாமாவின் தோளுக்கு மேலே கறுப்பாக ஒன்று தெரிகிறதே, அது என் தலை.

மாமா திரும்பப் போனான். முன்னைப்போல் பெரிய சிகரம் எல்லாம் உடனே இல்லை. சின்னதாக ஒன்று ஏறினான், அப்புறம் கொஞ்சம் பெரிதாக ஒன்று. போன மாதம் ஒரு உச்சியிலிருந்து வீடியோ அனுப்பினான். காலை வெளிப்பக்கமாக வீசிவீசித்தான் நடக்கிறான். உங்கள் அம்மா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். எனக்குப் பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது பொய். வீடியோ வந்த அன்று மிளகுக் கொடியை வெட்டிவிடுகிற வேலைக்குப் போய், தேவைக்கு மேலே இரண்டு கணு ஏறினேன்.

இப்போது சின்னவனுக்குக் காது குத்த வேண்டும். சொந்தக்காரர்கள் கேட்டால் உங்கள் அம்மா வாய் திறப்பதற்கு முன்னால் நானே, "மாப்ள வரட்டும்" என்று சொல்லிவிடுகிறேன். அவனும் பங்குனிக்குள் வருவதாகச் சொல்லியிருக்கிறான். போன வாரம் வாழைத்தார் லோடு ஏற்றிக்கொண்டு பழனிக்குப் போனேன். இறக்கிவிட்டு அடிவாரத்தில் கொட்டகை கொட்டகையாக நுழைந்து ஒவ்வொரு தூணாகச் சாய்ந்து, வலது காலை நீட்டிப் பார்த்தேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. கடைசியில் ஒரு தூண் கிடைத்தது. அதில் சாய்ந்தால் மலை முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது, நீட்டிய கால் பஸ் ஸ்டாண்டைப் பார்க்கிறது, யாரும் குறை சொல்ல முடியாது. அந்தத் தூணுக்கு எதிரில் ஒரு ஆள் உட்கார இடமும் இருக்கிறது. அங்கே நான் உட்காருவேன். சின்னவன் யார் பேரைச் சொல்லிக் கத்தினாலும் சரி, இந்தத் தடவை அவன் முகத்தை நான் பார்க்க வேண்டும்.